அக்கா பெயருக்கு வந்த வீடு

எங்கள் வீட்டில் ஒரு விதவை இருக்கிறாள் என்பதை நினைத்து நான் சந்தோஷப்பட்ட நாள் ஒன்று உண்டு. எழுபதுகளின் கடைசி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தேன். ஆபீஸ் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேசை, ஒரு டெலிபோன், சாக்குக் குவியலுக்கு நடுவே இரண்டு ஸ்டூல், அவ்வளவுதான். ஜவ்வரிசியும் வெல்லமும் மஞ்சளும் ஏற்றி அனுப்புகிற பிழைப்பு. அன்றைக்கு லோடு விஷயமாக வந்திருந்த ஒருவர், டவுனுக்கு வெளியே அரசாங்கம் வரிசையாக வீடு கட்டுகிறது, குறைந்த வருமானக்காரர்களுக்குக் குலுக்கல் போட்டுக் கொடுக்கப் போகிறார்கள் என்றார். விலையில் ஒரு பங்கை அரசாங்கமே ஏற்றுக்கொள்கிறதாம், மீதியை மாதாமாதம் கட்டிக்கொண்டு வந்தால் போதுமாம்.

“எனக்குக் கிடைக்குங்களா?” என்று கேட்டேன்.

“உங்களுக்கு எங்கீங்க கிடைக்கும்? ஊர்ல தோட்டமும் ஊடும் வச்சுக்கிட்டு. சொந்த ஊடு இல்லாதவங்களுக்குத்தான்” என்றவர், டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “உங்க ஊட்ல விதவைப் பொம்பளை ஆராச்சும் இருக்காங்களா? அவங்களுக்குன்னு தனியா ஒதுக்கீடு வச்சிருக்காங்க” என்றார்.

“இருக்காங்க, இருக்காங்க!” என்றேன். நான் அதைச் சொன்ன வேகத்தையும், மேசையைத் தட்டியதையும் இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. மச்சான் செத்ததற்கு ஒரு பிரயோஜனம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் அது. வேறு எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் அதுதான்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். திருச்செங்கோட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்த மூன்றாம் வருடம், கிணறு ஆழப்படுத்த வைத்த வெடி முந்திக்கொண்டு வெடித்து மச்சான் போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. காரியம் முடிந்த கையோடு, கொழுந்தனார் வீட்டில் அவளை ஒரு தகரப் பெட்டியோடு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் இருந்தவரை ஊரில் இருந்தாள், பிறகு என்னோடு. செவ்வாய்ப்பேட்டைச் சந்து ஒன்றில் எங்களுக்கு வாடகை வீடு. ஓர் அறையும் சமையலறையும். அறையில் நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் படுத்துக்கொள்வோம். அக்காவுக்குச் சமையலறையில், அரிசி மூட்டைக்கும் ஆட்டாங்கல்லுக்கும் நடுவில் பாய் விரிக்கிற அளவுக்கு இடம். முதலில் எழுவது அவள், கடைசியில் சாப்பிடுவது அவள். நாங்கள் யாரும் அவளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே நான் பல வருடம் நிம்மதியாகத் தூங்கினேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த வீடு அக்காவுக்குக் கிடைத்தது. அவள் பெயருக்கு, அவள் நிலைமையைப் பார்த்து, அரசாங்கம் கொடுத்தது. அதை நான் என் வீடாக்கிக்கொண்டேன். எப்படி ஆக்கிக்கொண்டேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

மனுவோடு ஒரு சான்றிதழ் வைக்க வேண்டும். ஆதரவற்ற விதவை, சொந்தமாக வருமானம் இல்லை, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று. அதற்காக அக்காவைத் தாலுகா ஆபீசுக்கு அழைத்துக்கொண்டு போனேன். வழியிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தேன். நான் உன் தம்பி என்று சொல்லக் கூடாது, அதிகாரி கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் துணைக்கு வந்திருக்கிறார் என்று சொல்ல வேண்டும், யாரும் இல்லை என்று சொல்ல வேண்டும். அக்கா தலையாட்டினாள். எதற்கு என்று கூடக் கேட்கவில்லை.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷர். அக்காவை உட்காரச் சொன்னார். “உனக்கு ஆரும்மா இருக்காங்க?” என்று கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். வாய் திறந்து, “என்ற தம்...” என்று ஆரம்பித்துவிட்டாள். ‘என் தம்பி’ என்று அவள் முடிப்பதற்குள் நான் செருமினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “ஆருமில்லீங்க” என்றாள்.

“அண்ணந் தம்பி?”

“இல்லீங்க.”

அவர் எழுதிக்கொண்டார்.  செவ்வாய்ப்பேட்டையில் பஸ் இறங்கி நடக்கும்போது அக்கா அழுதாள். “நீ கல்லுக்குண்டாட்டப் பக்கத்துல நிக்கையில, தம்பி இல்லைன்னு சொல்லிப்போட்டனே சாமி. இந்த வாயில மண்ணு விழ. உனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு காகிதத்துக்காகச் சொன்ன பொய்தானே என்றேன். அவளால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. உயிரோடு இருக்கிற உடன்பிறப்பை இல்லை என்று சொன்னால் அது பலித்துவிடும் என்று பயந்தாள். மூன்று வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்குப் போய் எனக்காக உப்பும் மிளகும் கொட்டி வேண்டிக்கொண்டு வந்தாள். அவள் சொன்ன பொய்யை நான்தான் பிற்பாடு உண்மையாக்கினேன்.

முன்பணம் கட்ட வேண்டி வந்தபோது என் பணமெல்லாம் லாரிக்காரர்களிடம் முடங்கிக் கிடந்தது. அக்கா தகரப் பெட்டியைத் திறந்து, மச்சான் போன அன்று கழற்றிய தாலிக்கொடியை எடுத்துக் கொடுத்தாள். அதுவரை அது எங்கே இருந்தது என்றே எங்களுக்குத் தெரியாது. “பேரு என்றதாமல்ல, அப்ப முன்பணமும் என்றதா இருக்கட்டும்” என்றாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

குலுக்கல் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அக்காவின் பெயரை மைக்கில் வாசித்தபோது அவள் எழுந்திருக்கவே இல்லை. எங்கள் வீட்டில் அவள் எனக்கு அக்கா, பிள்ளைகளுக்கு அத்தை, மனைவிக்கு நங்கையா, இப்படித்தான். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. முழங்கையால் இடித்தேன். எழுந்தாள். நானும் கூடவே எழுந்து மேடைப் பக்கம் நடந்தேன். ஓர் அதிகாரி என்னைக் கையமர்த்தி, “வீட்டுக்காரம்மா மட்டும் வரட்டும்” என்றார். அத்தனை கூட்டத்தில் வெள்ளைச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் தனியாக மேடையேறினாள். ஒதுக்கீட்டு உத்தரவை இரண்டு கையாலும் வாங்கினாள். எல்லாரும் கை தட்டினார்கள். கீழே வந்ததும் அதை என்னிடம் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, தனக்குப் படிக்கத் தெரியாத அந்தக் காகிதத்தை ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து நான் படித்தேன். நிபந்தனைகள் நிறைய இருந்தன. ஒதுக்கீடு பெற்றவர்தான் குடியிருக்க வேண்டும். வாடகைக்கு விடக் கூடாது. தவணை முழுவதும் கட்டி முடித்துப் பத்திரம் கையில் வரும்வரை விற்கவோ பிறர் பெயருக்கு மாற்றவோ கூடாது. படிக்கப் படிக்க எனக்கு எரிச்சலாக வந்தது. கொடுக்கிறதைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டியதுதானே, எதற்கு இத்தனை கெடுபிடி என்று மனைவியிடம் கத்தினேன். யாரிடமிருந்து அக்காவைக் காப்பாற்ற அந்த வரிகளை எழுதினார்களோ அந்த ஆள் நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

வைகாசியில் பால் காய்ச்சினோம். ஓர் அறை, ஒரு கூடம், சமையலறை, பின்னால் துவைக்கிற கல், சுற்றிக் கொஞ்சம் மண். ஊரிலிருந்து பங்காளிகள் எல்லாம் வந்திருந்தார்கள். அடுப்பைப் பற்ற வைத்தது என் மனைவி. நிறைகுடத்தோடு முதலில் உள்ளே நுழைந்ததும் அவள்தான். நல்ல காரியத்தில் விதவை முன்னால் நிற்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அக்காவே விடியற்காலையில் பின்பக்கமாக வந்து, துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டாள். பால் பொங்கி, எல்லாரும் குடித்து முடித்த பிறகு, “நங்கையா, உள்ள வாங்க” என்று என் மனைவி கூப்பிட்டாள். வந்தாள். எச்சில் டம்ளர்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அன்றைக்கு எனக்கு அது எதுவும் தப்பாகத் தெரியவில்லை. வந்திருந்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன், அடுத்த வாரம் பக்கத்து வீட்டில் பார்க்கும்வரை.

பக்கத்து வீடும் ஒரு விதவைக்குத்தான் விழுந்திருந்தது. கிறிஸ்தவப் பெண்மணி, சேலத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. பங்குச் சாமியார் வந்து வீடு மந்திரித்தார். அந்தம்மாவே மெழுகுவர்த்தியைக் கையில் ஏந்தி அவருக்கு முன்னால் அறை அறையாக நடந்தார். அந்தம்மாவே அடுப்பைப் பற்ற வைத்து, அந்தம்மாவே பாலைக் காய்ச்சி, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அக்கா வேலிப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாளாம். இதை அந்தம்மாதான் வெகுகாலம் கழித்து என்னிடம் சொன்னார். பால் டம்ளரை நீட்டியபோது அக்கா, “உங்கள்ல இப்படிப் பண்ணலாமுங்களா?” என்று கேட்டாளாம். “என் வீட்ல நான் பண்ணாம வேற யாரு பண்ணுவாங்க அக்கா?” என்று அவர் சொன்னாராம்.

பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை உத்தேசித்து நாங்கள் உடனே அங்கே குடிபோகவில்லை. ஆனால் வீடு பூட்டிக் கிடந்தால் வீட்டு வசதி வாரியத்து ஆட்கள் கேள்வி கேட்பார்கள். அதனால் அக்காவைத் தகரப் பெட்டி, ஒரு கயிற்றுக் கட்டில், நாலு பாத்திரத்தோடு அங்கே கொண்டுபோய் விட்டேன். காவலுக்கு ஆள் வைப்பது போலத்தான் வைத்தேன். ஏறக்குறைய ஒரு வருடம் அவள் அங்கே தனியாக இருந்தாள்.

அந்த ஒரு வருடத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம். வாரத்துக்கு ஒரு தரம் போவேன். முதலில் அவள் முகம் மாறியிருந்ததுதான் கண்ணில் பட்டது. கன்னத்தில் சதை வைத்திருந்தது. பசித்தபோது சாப்பிடுகிறாள் என்று புரிந்தது. கொல்லையில் அவரையும் பீர்க்கனும் போட்டிருந்தாள். கூடத்துச் சுவரில் ஒரு மாரியம்மன் படம் மாட்டியிருந்தாள். பக்கத்து வீட்டம்மாவோடு டவுன் பஸ் ஏறிச் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்து மளிகை வாங்கிக்கொண்டு போவாள். என் ஆபீஸ் வழியாகத்தான் போவாள், ஆனால் உள்ளே வர மாட்டாள். ஒரு நாள் நான் போனபோது கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். “ஆரது?” என்று உள்ளிருந்து குரல் வந்தது. அதிகாரமான குரல். நான்தான் என்றேன். “இரு, வாரேன்” என்றாள். நான் வாசலில் நின்று காத்திருந்தது ஒரு நிமிஷம் கூட இருக்காது. அதற்குள் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என்னை நிற்க வைக்கிறாளா என்று.

அதைவிடப் பெரிய கோபம் ஒன்று வந்தது. அக்கா இட்லி மாவு அரைத்து அந்த வரிசை வீடுகளுக்கு விற்றுக்கொண்டிருந்தாள். கல்லில் ஆட்டி, படியால் அளந்து. அதில் வந்த பணத்தில் அந்த மாதத் தவணையையும் அதற்கு முந்திய மாதத் தவணையையும் தானே போய்க் கட்டிவிட்டு, ரசீதை எனக்கு எடுத்துக் காட்டினாள். சந்தோஷமாகக் காட்டினாள். தெருவுக்குக் கேட்கும்படி கத்தினேன். “தோட்டங்காட்டுக் குடும்பத்துப் பொம்பளை ஊர்க்காரனுக்கெல்லாம் மாவு ஆட்டி விக்கிறதா? பங்காளிக என் மூஞ்சியில காறித் துப்ப மாட்டாங்களா?”

“இதுல என்ன சாமி கேவலம்? அங்க நம்மூட்ல ஆட்டுனதுதானே” என்றாள்.

 எங்கள் வீட்டில் சும்மா ஆட்டினால் கௌரவம், காசுக்கு ஆட்டினால் கேவலம் என்று எந்த வாயால் சொல்வது? அந்த மாதமே மனைவி மக்களோடு குடிபோய்விட்டேன். பிள்ளைகளின் பரீட்சைக்குக் கூடக் காத்திருக்கவில்லை.

எங்கள் கட்டில் அறைக்குப் போயிற்று. கூடத்தில் என் மேசையும் பிள்ளைகளின் புத்தகமும். அக்காவின் கயிற்றுக் கட்டில் இடத்தை அடைக்கிறது என்று வெளியே சாத்தி வைத்தோம். மழையில் நனைந்து கயிறு இற்றுப்போனது. அவள் பாய் சமையலறைக்குப் போயிற்று. நாங்கள் யாரும் அங்கே போ என்று சொல்லவில்லை. அவளாகவே போய் விரித்துக்கொண்டாள். மாவு வியாபாரம் நின்றது. பழையபடி கடைசியில் சாப்பிட ஆரம்பித்தாள். ஒரே மாதத்தில் கன்னம் வற்றிவிட்டது. என் மனைவியை இதில் குறை சொல்ல மாட்டேன். அவள் அது எங்கள் வீடு என்று நினைத்துத்தான் வந்தாள். அப்படி நினைக்க வைத்தது நான்.

வருடத்துக்கு ஒன்றிரண்டு தரம் வாரியத்திலிருந்து ஆள் வருவார். ஒதுக்கீடு பெற்றவர் குடியிருக்கிறாரா என்று பார்க்க. அவர் தெருமுனையில் தென்பட்டதுமே பிள்ளைகள் ஓடிவந்து சொல்லிவிடும். உடனே அக்காவைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டு, கை கழுவச் சொல்லி, கூடத்தில் என் நாற்காலியில் உட்கார வைப்போம். என் சட்டைகளை அள்ளி உள்ளே போடுவோம். நான் பின்பக்கமாக நழுவி, பக்கத்துச் சந்து டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவர் வந்து, “வீட்டுக்காரம்மா நீங்கதானே?” என்று கேட்பார். “ஆமாங்க” என்பாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். கையெழுத்துப் போடப் பக்கத்து வீட்டம்மா சொல்லிக் கொடுத்திருந்தார். அவர் தலை மறைந்ததும் என் பிள்ளைகள் கை தட்டிச் சிரிப்பார்கள். “அத்தை நாடகம் முடிஞ்சுது!” என்பார்கள். நாங்களும் சிரிப்போம். அக்காவும் சிரித்துக்கொண்டே எழுந்து, முந்தானையால் நாற்காலியைத் துடைத்துவிட்டு, அடுப்பில் என்ன தீய்கிறதோ என்று உள்ளே போவாள். தன் வீட்டில் தான் உட்கார்ந்த இடத்தைத் துடைத்துவிட்டுப் போன அந்தப் பெண்ணைப் பார்த்து நான் எப்படிச் சிரித்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இப்படியே எண்பதுகளின் நடுப்பகுதி வந்துவிட்டது. லாரித் தொழில் அப்போது கை கொடுத்தது. மீதித் தவணையை மொத்தமாகக் கட்டி முடித்தேன். அக்கா பெயருக்குக் கிரயப் பத்திரம் வந்தது. அன்றைக்கே அதை என் பெயருக்கு மாற்றிவிட வேண்டும் என்று எனக்கு அரிப்பு எடுத்தது. காரணமும் தயாராக வைத்திருந்தேன். அக்காவுக்கு ஒன்று என்றால், வாரிசு என்று சொல்லிக்கொண்டு அந்தக் கொழுந்தனார் வந்து நிற்பானே, நான் கட்டிய பணம் என்ன ஆவது? அந்த மனுஷன் அக்காவை பஸ் ஏற்றிவிட்ட நாளிலிருந்து ஒரு கார்டு கூடப் போட்டதில்லை. ஆனாலும் அவனை வைத்து அக்காவைப் பயமுறுத்தினேன். அவள் உயிலாக எழுதியிருக்கலாம். அவள் காலத்துக்குப் பிறகுதான் எனக்கு என்று. அதை யாரோ சொன்னார்கள் கூட. எனக்கு அதுவரை பொறுக்கவில்லை.

இந்தச் செய்தி எப்படியோ பக்கத்து வீட்டம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. வேலிப் பக்கம் நின்று, நான் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார். “எழுதிக் குடுத்துடாதீங்கக்கா. தம்பியா இருந்தாலும் சரி, யாரா இருந்தாலும் சரி. கவர்மெண்டு உங்க பேரைப் பாத்துதான் குடுத்துது.”

அக்கா அவரிடம் சொன்ன பதிலும் கேட்டது. “அவன் என்ற தம்பிங்க. அவன்கிட்டப் போயி என்றது உன்றதுன்னு பேசறதுங்களா?” நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து மார்பை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்து நின்றேன். அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேச வெகுகாலம் ஆனது.

பத்திரம் எழுதுபவர் தான செட்டில்மெண்ட் என்று எழுதினார். தம்பியின் மேலுள்ள அன்பையும் பிரியத்தையும் முன்னிட்டு இந்த வீட்டை எழுதிக் கொடுக்கிறேன் என்று வழக்கமாக எழுதுகிற வாசகம். எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தி, “அம்மா ஆயுசு வரைக்கும் இந்த ஊட்லயே குடியிருக்கப் பாத்தியதைன்னு ஒரு வரி சேத்துரட்டுங்களா? எல்லாரும் சேக்கறதுதான்” என்று கேட்டார்.

அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. “என்ற அக்காளுக்கு நான் எழுத்துல வேற குடுக்கோணுமா? அவங்களை நான் தெருவுல விட்ருவனா?” என்றேன். ரோஷம் வந்தவன் மாதிரி பேசினேன். அவர், “சரிங்க, சரிங்க” என்று மேலே எழுதிக்கொண்டு போனார். உண்மையில் எனக்கு அந்த ஒரு வரி கூட உறுத்தியது. நாளைக்கு விற்கப்போனால் வில்லங்கமாக நிற்குமே என்று கணக்குப் போட்டேன். இதை இதுவரை மனைவியிடம் கூடச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அக்கா ஐந்து வருடம் இருந்தாள். நான் அவளைத் தெருவில் விடவில்லை, அது நிஜம். காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பொங்கலுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தேன். ஒரு ஐப்பசி மழைநாளில், சமையலறைப் பாயிலேயே போய்ச் சேர்ந்தாள். உடலைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினோம். துக்கம் கேட்க வந்த பங்காளிகள், கடைசிவரைக்கும் வைத்துக் காப்பாற்றினாய், உன்னை மாதிரித் தம்பி யாருக்குக் கிடைக்கும் என்றார்கள். தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டம்மா மட்டும் அக்காவின் காலடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அவர் என்னிடம் பேச ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்; பால் காய்ச்சிய கதையைச் சொன்னதும் அப்போதுதான்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்லி முடித்துவிட்டேன். பத்திரம் பதிவான அன்றைக்கு நடந்ததைத்தான் இதுவரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

பதிவு அலுவலகத்தில் அன்று கூட்டமில்லை. சார் பதிவாளருக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பத்திரத்தை மெதுவாகப் படித்தார். மூலப் பத்திரத்தையும் வாங்கிப் படித்தார். அக்காவைப் பார்த்தார், அவள் சேலையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க கொஞ்சம் வெளியே இருங்க. அம்மாகிட்ட நான் தனியாக் கேக்கணும்” என்றார். நானும் கூட இருக்கிறேனே, அவர்களுக்கு விவரம் தெரியாது என்றேன். “அதனாலதான் சொல்றேன், வெளியே இருங்க” என்றார்.

வெளியே வந்தேன். ஆனால் மரத்தடிக்குப் போகவில்லை. அவர் மேசைக்குப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டேன்.

“அம்மா, இதுல என்ன எழுதியிருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியுங்க. ஊட்டைத் தம்பிக்கு எழுதறமுங்க.”

“யாராவது மிரட்டினாங்களா?”

“இல்லீங்க. தம்பி தங்கமானவன்.”

 காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. “இங்க பாருங்கம்மா. இதுல கையெழுத்துப் போட்டுட்டா இனி அந்த வீடு உங்களுது இல்லை. உங்களுக்குன்னு ஒரு மூலை கூட எழுதி வைக்கலை. நாளைக்கு அவங்க போன்னு சொன்னா நீங்க போகத்தான் வேணும். சட்டம் உங்க பக்கம் நிக்காது. இப்ப வரைக்கும் அது உங்க வீடு. உங்களுக்கு இஷ்டமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். நான் பத்திரத்தைத் திருப்பிக் குடுத்துடறேன். உங்க தம்பிகிட்ட நானே பேசிக்கறேன்.”

 அக்கா யோசித்தாள்.   பிறகு, கடையில் விலை கேட்பது போல அவ்வளவு சாதாரணமாக, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் அவள் கேட்டாள்.

“இஷ்டமில்லைன்னு சொன்னா, இன்னிக்குப் பொழுதோட நான் எந்த ஊட்டுக்குங்க போறது?”

அவள் பெயருக்கான பத்திரம் அவள் கண் முன்னால் அந்த மேசையில்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவள் அப்படிக் கேட்டாள். நான் உள்ளே போயிருக்கலாம். அக்கா, உன் ஊட்டுக்குத்தான், வா போகலாம் என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்திருக்கலாம். வாசற்படி நாலு எட்டுதான் இருக்கும். நான் அசையவில்லை. அந்த அதிகாரி அவளுக்கு என்ன பதில் சொல்லிவிடுவாரோ என்ற ஒரே பயத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.  ரேகை வைக்கிற மை டப்பாவை அவர் அவள் பக்கம் நகர்த்தி வைக்கிற சத்தம்தான் கேட்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.